ஓட்டுலினை எடுத்துட்டா செல் ஏன் சாகுது? எம்1 பிளாட்டும் காலியா இருக்கு

கொருக்குப்பேட்டை_ஜெல்:

ஓட்டுலின்ங்கிறது, யுபிக்விட்டின்ங்கிற சின்னப் புரதங்கள் கோத்த எம்1 சங்கிலியை வெட்டுற என்சைம். வெட்டுற என்சைமைத் தூக்கிட்டா சங்கிலி கூடணும். எம்1 யுபிக்விட்டின் சங்கிலி கூடினா என்எஃப்-கப்பா-பி (அழற்சி, பிழைப்பு ஜீன்களைக் கிளப்புற புரதம்) கூடணும், செல் பிழைக்கணும். புத்தகக் கணக்கு இதுதானே? பிளேட்ல நடக்குறது தலைகீழா இருக்கு.

ஹெச்டி-29, ஹீலா (ஆய்வகத்துல வளர்க்கிற மனிதப் புற்றுச் செல் வகைகள்) ரெண்டுலயும் கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டும் முறையில ஓட்டுலின் ஜீனை எடுத்தாச்சு. வெஸ்டர்ன் பிளாட்ல (புரதங்களை ஜெல்ல பிரிச்சு ஆன்டிபாடியால தேடுற சோதனை) 40 கிலோடால்டன்கிட்ட வர வேண்டிய பேண்ட் சுத்தமா இல்ல. அழற்சிச் சமிக்ஞைப் புரதமான டிஎன்எஃப் 20 நானோகிராம்/மிலி மட்டும் போட்டா 24 மணி நேரத்துல இந்த செல்கள் உரிஞ்சு மிதக்குது. பக்கத்துல இருக்கிற ஒயில்டு டைப் (ஜீனை எடுக்காத செல்) அசையவே இல்ல. காஸ்பேஸ்ங்கிற சாவு என்சைம்களை அடைக்கிற இசட்-வேட் 20 மைக்ரோமோலார் சேர்த்தா ஹீலா பிழைச்சுக்குது, ஹெச்டி-29 முன்னைவிட வேகமா சாகுது.

பிளாட் இன்னொரு தலைவலி. ரிப்பா பஃபர், புரோட்டியேஸ் தடுப்பான் காக்டெய்ல், 1 மில்லிமோலார் டிடிடி, ஐஸ்ல அரை மணி நேரம் லைசிஸ் (செல்லை உடைக்கிறது). யுபிக்விட்டின் பளிச்சுனு தெரியணும்னு ஹெச்ஏ-யுபிக்விட்டினும் (தலையில ஹெச்ஏ அடையாள டேக் மாட்டினது) டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணிருக்கு. ஹெச்ஏ ஸ்மியர் அருமையா வருது. எம்1 ஆன்டிபாடி போட்டா மெம்பிரேன் வெள்ளை, டிஎன்எஃப் போட்டு 0, 5, 15, 30 நிமிஷம் நாலுமே. இதுல ஹோய்ப் (எம்1 சங்கிலியைக் கட்டுற புரதம்) பேண்டும் மெலிஞ்சிருக்கு. ஆக்டின் சமமா இருக்கு, ஆக லோடிங் தப்பில்ல. எங்க இடிக்குது?

---

வண்ணை_வெஸ்டர்ன்:

முதல்ல பிளாட்டைப் பாத்துடுவோம். மூணு ஓட்டை இருக்கு, மூணும் ஒரே குடத்துல.

ஹெச்ஏ-யுபிக்விட்டினை இன்னைக்கே நிறுத்துங்க. எம்1 சங்கிலின்னா என்ன? ஒரு யுபிக்விட்டினோட வால்ல இருக்கிற 76ஆவது கிளைசின், அடுத்த யுபிக்விட்டினோட தலையில இருக்கிற முதல் மெத்தியோனின்ல போய் ஒட்டுறது. தலையிலயே ஹெச்ஏ டேகை மாட்டி வெச்சா ஒட்ட இடம் ஏது? கே48, கே63 எல்லாம் லைசின் வழியா ஒட்டுறதால அதுக்கு டேக் தடையில்ல. அதான் ஹெச்ஏ ஸ்மியர் அழகா வருது, எம்1 மட்டும் வரல. இந்தப் பரிசோதனைக்கு செல்லுக்குள்ள இயல்பா இருக்கிற யுபிக்விட்டின் போதும்.

ரெண்டாவது, என்இஎம் (சிஸ்டீன் என்சைம்களை அடைக்கிற ரசாயனம்) இல்ல. கடையில வாங்குற புரோட்டியேஸ் காக்டெய்ல் யுபிக்விட்டின் வெட்டிகளைத் தொடாது. அதுல பெரும்பாலானது சிஸ்டீன் என்சைம். செல்லை உடைச்ச நொடியில இருந்து அதுங்க வேலையைத் தொடங்கிடும். ஓட்டுலினை எடுத்தாச்சேன்னு நிம்மதியா இருக்க முடியாது, சைல்டுங்கிற இன்னொரு வெட்டி உள்ளே இருக்கு, அது எம்1, கே63 ரெண்டையும் வெட்டும். என்இஎம் 125 மில்லிகிராமை 1 மிலி எத்தனால்ல கரைச்சா 1 மோலார் ஸ்டாக். லைசிஸ் பஃபர் 1 மிலிக்கு 10 மைக்ரோலிட்டர் போட்டா 10 மில்லிமோலார். செல்லை உடைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போடணும். தண்ணியில கெட்டுப் போகும், நேத்து கலந்த பஃபர் இன்னைக்கு வெறும் பஃபர்தான். விஷம், கையுறை கட்டாயம்.

மூணாவது, டிடிடி. என்இஎம் தயோலைப் (சிஸ்டீன்லயும் டிடிடிலயும் இருக்கிற கந்தகக் குழுவை) பிடிச்சு வேலை செய்யுது. பஃபர்ல டிடிடி இருந்தா என்இஎம் சிஸ்டீனைத் தேடிப் போகாது, பக்கத்துல நிக்கிற டிடிடியோடயே கட்டிப் புரண்டு தீர்ந்துடும். லைசிஸ்ல டிடிடி வேண்டாம், பீட்டா-மெர்காப்டோவும் வேண்டாம். ஜெல்லுக்கு முன்னாடி லேம்லி (சாம்பிள் பஃபர்) கலக்கும்போது போட்டுக்கலாம்.

இன்னும் பயமா இருந்தா 1 சதவீத எஸ்டிஎஸ்ல (புரத மடிப்பைக் கலைக்கிற சோப்பு) நேரா உடைச்சு, 95 டிகிரியில 5 நிமிஷம் கொதிக்க வெச்சு, ஊசியில நாலஞ்சு தடவை இழுத்து டிஎன்ஏவை உடைச்சிடுங்க. எந்த வெட்டியும் தாங்காது. பிறகு ஐபி (ஆன்டிபாடியால புரதத்தைப் பிடிச்சு இழுக்கிறது) பண்ணணும்னா டிரைட்டான் பஃபர்ல பத்து மடங்கு நீர்க்கணும், இல்லன்னா ஆன்டிபாடியே மடிப்பு கலைஞ்சு போகும்.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. புரோட்டோகால்ல "அறை வெப்பம்"னு போட்டிருந்தா அது 22 டிகிரி. ஏசி ஓடாத கொருக்குப்பேட்டை அறையில மே மாசம் 34. பிபிஎஸ் கழுவல்ல இருந்து லைசிஸ் வரைக்கும் எல்லாத்தையும் ஐஸ் மேலயே முடிக்கணும். காசிமேட்டுல அரைச்சுத் தர்ற ஐஸ் தாராளமா ஆகும். ஆனா வெறும் ஐஸ் துண்டுல பிளேட்டை வெச்சா நடுவுல காத்து, பிளேட் பாதிதான் குளிரும். கொஞ்சம் தண்ணி ஊத்திக் கூழா ஆக்கி, மேல ஒரு அலுமினிய தட்டு, அதுக்கு மேல பிளேட். டியூபை மூடி வரைக்கும் முக்காதீங்க. மீன் ஐஸ் தண்ணி மூடி இடுக்குல ஏறினா சாம்பிளும் போச்சு, வாசனையும் வந்தாச்சு.

டிரான்ஸ்ஃபர்: செமி-டிரை 15 நிமிஷம்னா நீளமான சங்கிலி ஜெல்லை விட்டு எழும்பாது. 4–12 சதவீத கிரேடியன்ட் ஜெல், ஈர டிரான்ஸ்ஃபர், 30 வோல்ட், குளிர் அறையில ராத்திரி பூரா. முழு லைசேட்டுல எம்1 ரொம்பக் கம்மி. அதனால ஃபிளாக்-டிஎன்எஃப்ல (ஃபிளாக் டேக் மாட்டின டிஎன்எஃப்) ரிசெப்டரைப் பிடிச்சு இழுத்தாதான் தெளிவா தெரியும். ஒரு நேரப்புள்ளிக்கு ரெண்டு கோடி செல்லாவது வேணும். 0 நிமிஷ சாம்பிளுக்கு டிஎன்எஃப்பை லைசிஸுக்கு அப்புறம் சேர்க்கணும். சேர்க்காம விட்டா அது கன்ட்ரோலே இல்ல.

---

பெரம்பூர்_புரதம்:

பிளாட் பற்றி மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. சாவு பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன வரியில் இருக்கிறது: ஹோய்ப் மெலிந்திருக்கிறது. அது லோடிங் பிழை அல்ல, முடிவே அதுதான்.

எம்1 சங்கிலியைக் கட்டும் ஒரே கூட்டணி லூபாக். ஹோய்ப், ஹோயில்-1, ஷார்பின் என்று மூன்று பேர். 2006இல் ஜப்பானில் இவாய் குழு கண்டுபிடித்தது. ஓட்டுலின் 2013இல் தெரிய வந்தது. 352 அமினோ அமிலம் கொண்ட இந்தப் புரதம் எம்1 சங்கிலியை மட்டும்தான் வெட்டும், வேறெதையும் தொடாது. ஹோய்ப்பின் பப் பகுதியில் தன் முன்பக்கத்துத் துணுக்கால் ஒட்டிக்கொள்ளும்.

லூபாக் மற்றவர்களுக்கு மட்டும் சங்கிலி போடுவதில்லை, தனக்கும் போட்டுக்கொள்ளும். பொதுக்கூட்ட மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவருக்கு மாலை மேல் மாலை விழுகிறது. பின்னால் நிற்கும் உதவியாளர் ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டே இருந்தால்தான் அவர் மைக்கைப் பிடிக்க முடியும். உதவியாளர் இல்லையென்றால் மாலைக்குள் தலைவரே காணாமல் போவார். ஓட்டுலின் அந்த உதவியாளர். அது இல்லாதபோது லூபாக் தன்மேலேயே சங்கிலி சுமந்து முடங்குகிறது, பல செல் வகைகளில் அதன் அளவே சரிகிறது.

எலியில் இது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுலினின் வெட்டும் முனையான 129ஆவது சிஸ்டீனை அலனினாக மாற்றிய எலிகள் கருவிலேயே பாதியில் இறந்தன. லூபாக் இல்லாத எலிகள் சாவதைப் போலவே. சாவு டிஎன்எஃப் ரிசெப்டர்-1 வழியாக, ரிப்கே1 என்ற என்சைமின் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும்) செயலால். 2018இல் வெளியான வேலை.

மீதி உங்கள் பிளேட்டில் நடப்பது. டிஎன்எஃப் ஒட்டியதும் ரிசெப்டரடியில் டிராட், டிராஃப்2, சிஐஏபி, ரிப்கே1 என்ற புரதங்கள் கூடுகின்றன. சிஐஏபி கே63 சங்கிலி போடும், அதன்மேல் லூபாக் எம்1 போடும், அதில் என்எஃப்-கப்பா-பியைக் கிளப்பும் கூட்டணியின் நீமோ வந்து உட்காரும். இந்தச் சங்கிலிகளுக்கு இரண்டு வேலை. என்எஃப்-கப்பா-பியைக் கிளப்புவது ஒன்று. ரிப்கே1 கழன்றுபோய் ஃபாட், காஸ்பேஸ்-8 என்ற சாவுப் புரதங்களுடன் சேராமல் அங்கேயே கட்டிவைப்பது மற்றொன்று. சங்கிலியை வெறும் "என்எஃப்-கப்பா-பி சுவிட்ச்" என்று படிப்பவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் வரைகின்றன, எனக்கு அதில் கோபம் உண்டு. லூபாக் குறைந்தால் கட்டு தளர்ந்து ரிப்கே1 கிளம்பிவிடும். டிஎன்எஃப் மட்டுமே கொல்லப் போதும்.

இசட்-வேட் புதிரும் இதில் அவிழ்கிறது. ஹீலாவில் ரிப்கே3 (நெக்ரோப்டோசிஸ் என்னும் காஸ்பேஸ் இல்லாத சாவுக்கு வேண்டிய என்சைம்) கிடையாது. காஸ்பேஸை அடைத்துவிட்டால் சாவுக்கு வேறு வழியில்லை, செல் பிழைக்கிறது. ஹெச்டி-29இல் ரிப்கே3 உண்டு. அங்கே காஸ்பேஸ்-8 தான் ரிப்கே1, ரிப்கே3ஐ வெட்டி நெக்ரோப்டோசிஸைத் தடுத்து வைத்திருந்தது. நீங்கள் அதையே அடைத்துவிட்டீர்கள். ரிப்கே3 எம்எல்கேஎல் என்ற புரதத்துக்கு 358ஆவது செரினில் பாஸ்பேட் ஏற்ற, அது செல் சவ்வைக் கிழிக்கிறது. ஒரே மருந்து ஓரிடத்தில் காப்பான், ஓரிடத்தில் எமன்.

---

வியாசை_ஃப்ளோ:

பெரம்பூர் சார் சொல்றது சரி. ஆனா ஒரு இடத்துல நிறுத்திக் கேக்கணும். ஓட்டுலின் இல்லாத நோயாளிகளுக்கு அழற்சி தாறுமாறா இருக்கே. லூபாக் குறைஞ்சு என்எஃப்-கப்பா-பி மங்கினா அழற்சி எங்கேர்ந்து வருது? மோனோசைட்ல (வெள்ளை ரத்தச் செல் வகை) என்எஃப்-கப்பா-பி ஏறித்தானே இருக்கு?

அப்புறம் ஜெல் ப்ரோ, "உரிஞ்சு மிதக்குது"ங்கிறது அளவீடு இல்ல. அனெக்சின்-பிஐ (சாகுற செல்லைக் காட்டுற சாயங்கள்) போட்டுட்டு டியூபை ராயபுரத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் ஃப்ளோ மெஷினுக்குக் கொண்டு போற ஆளுங்க இருக்காங்க. பேசின் பிரிட்ஜ் தாண்டுறதுக்குள்ளயே ஒரு மணி நேரம் ஓடிடும். அனெக்சின் ஒட்டினது ஒரு மணி நேரத்துக்குள்ள படிக்கணும். கால்சியம் இல்லாம ஒட்டாது, கூடுதலா காத்திருந்தா உயிரோட இருந்த செல்லும் பிஐயை உள்ளே விடும். மெஷின் பக்கத்துல இல்லன்னா எல்டிஹெச் (செத்த செல்லுலேர்ந்து கசியுற என்சைம்) கிட் எடுங்க, பிளேட் ரீடர் போதும். சீரத்துலயே எல்டிஹெச் இருக்கு, அதனால மீடியத்துல சீரம் 1–2 சதவீதத்துக்கு இறக்கணும், செல் போடாத கிணறு ஒண்ணு, டிரைட்டான்ல முழுசா உடைச்ச கிணறு ஒண்ணு கட்டாயம். வெளிய வந்த எல்டிஹெச் நேரம் ஆக ஆக செயலிழக்கும். 24 மணி நேரத்துல ஒரே ஒரு தடவை படிச்சா ஆரம்பத்துல செத்தது கணக்குலேர்ந்து நழுவிடும். 4, 8, 12, 24னு படிங்க.

---

பெரம்பூர்_புரதம்:

வியாசை கேட்டது நியாயம். நான் "பல செல் வகைகளில்" என்று சொன்னதன் காரணம் அதுதான். எல்லாச் செல்லிலும் லூபாக் சரிவதில்லை. ஓட்டுலின் நோயாளி ஒருவரை வைத்து 2019இல் செய்த வேலையில், அவருடைய தோல் ஃபைப்ரோபிளாஸ்டில் (இணைப்புத் திசுச் செல்) லூபாக் குறைந்து டிஎன்எஃப்புக்கான பதிலும் மங்கியிருந்தது. ஓட்டுலின் இல்லாத மோனோசைட்டில் நேரெதிர், என்எஃப்-கப்பா-பி ஏறியிருந்தது. ஆனால் சில வகை டிஎன்எஃப் சாவுக்கு இரண்டுமே எளிதில் இரையாயின. ஆக மோனோசைட் டிஎன்எஃப்பைக் கொட்டுகிறது, பக்கத்துத் திசு அதில் சாகிறது, செத்த செல்லின் உள்ளடக்கம் சிந்தி மறுபடி அழற்சியைக் கிளப்புகிறது. ஒன்று நெருப்பு, மற்றது ஓலைக்கூரை. ஒரு செல் லைனில் கண்டதை மற்றதன்மேல் ஏற்றிப் பேசக் கூடாது. ஹெச்டி-29 முடிவை வைத்து நோயாளியின் ரத்தத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

சாவின் வகையைப் பிரிக்க, டிஎன்எஃப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே மருந்து: நெக்-1எஸ் 10 மைக்ரோமோலார் (ரிப்கே1 கைனேஸைத் தடுப்பது), இசட்-வேட் 20, இரண்டும் சேர்த்து, நெக்ரோசல்ஃபோனமைடு 1 மைக்ரோமோலார் (எம்எல்கேஎல்லைத் தடுப்பது). கடைசியது மனிதச் செல்லுக்கு மட்டும் வேலை செய்யும், எலிச் செல்லில் போட்டு ஏமாறாதீர்கள். எல்லாக் கிணற்றிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு, 0.1 சதவீதம். நெக்-1எஸ் மட்டுமே காப்பாற்றினால் ரிப்கே1 கைனேஸ்தான் குற்றவாளி. ஹீலாவை இசட்-வேட் காப்பாற்றி நெக்-1எஸ் காப்பாற்றவில்லை என்றால் கைனேஸைச் சாராத காஸ்பேஸ்-8 பாதை. கன்ட்ரோலாகச் சைக்ளோஹெக்சிமைடு 10 மைக்ரோகிராம்/மிலி உடன் டிஎன்எஃப் ஒரு கிணறு, ஸ்மாக் மிமெடிக் (சிஐஏபியை அழிக்கும் மருந்து) உடன் டிஎன்எஃப் ஒரு கிணறு. முதலாவது, காஸ்பேஸ்-8ஐ அடக்கிவைக்கும் சிஃபிளிப் புரதத்தைத் தீர்த்துக் கொல்வது, நெக்-1எஸ்ஸுக்கு அடங்காது. இரண்டாவது அடங்கும். இந்த இரண்டும் எதிர்பார்த்தபடி பிரியவில்லையென்றால் உங்கள் நெக்-1எஸ் கெட்டுவிட்டது.

வெஸ்டர்னில் ரிப்கே1 பாஸ்போ-செரின் 166, எம்எல்கேஎல் பாஸ்போ-செரின் 358, வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3 (17, 19 கிலோடால்டன்), பார்ப் (காஸ்பேஸ் வெட்டும் புரதம்) 116இலிருந்து 89. மிதக்கும் செல்களை மீடியத்தோடு உறிஞ்சிக் கொட்டாதீர்கள். செத்தது அதில்தான் இருக்கிறது. ஒட்டியிருப்பதை மட்டும் உடைத்தால் "சாவு சமிக்ஞையே இல்லை" என்று பிளாட் சொல்லும், உண்மையில் சாட்சியை நீங்களே சாக்கடையில் ஊற்றியிருப்பீர்கள்.

---

திருவொற்றியூர்_குழந்தைநலம்:

ஆய்வகப் பேச்சுக்கு நடுவுல வார்டுப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம். குழந்தைங்க ஜீன் பேனல் ரிப்போர்ட்ல ஓட்டுலின் பேர் இப்போ வரத் தொடங்கியிருக்கு, படிக்கிறவங்களுக்கு உதவும்.

ஓட்டுலின் பழுதால வர்ற, ஓராஸ்னு சொல்ற அழற்சி நோய் 2016ல ரெண்டு குழுக்களால விவரிக்கப்பட்டது. ஜீனோட ரெண்டு நகலும் பழுதானா வரும். பிறந்த சில வாரம், மாசத்துல தொடங்குற விடாத காய்ச்சல், தோலடிக் கொழுப்பு வீங்கிக் கட்டி கட்டியா வர்றது, வயித்துப்போக்கு, மூட்டு வீக்கம், எடை ஏறாமை. ரத்தத்துல சிஆர்பி, நியூட்ரோஃபில் (அழற்சியைக் காட்டுற அளவுகள்) எகிறி நிக்கும், கல்ச்சர்ல எதுவும் வளராது. ஆன்டிபயாட்டிக் மேல ஆன்டிபயாட்டிக் ஓடும். 272ஆவது லூசின் புரோலினா மாறினது முதல்ல விவரிச்ச மாற்றங்கள்ல ஒண்ணு. டிஎன்எஃப்பைத் தடுக்குற இன்ஃபிளிக்ஸிமாப்புக்கு நல்லா அடங்குது. பெரம்பூர் சார் சொன்ன 2019 நோயாளிக்கு ஸ்டெம் செல் மாற்றிய பிறகு காய்ச்சல், கட்டி, வயித்துப்போக்கு எல்லாமே நின்னுடுச்சு. அதாவது நெருப்பு ரத்தச் செல்லுலதான், அவர் உவமை சரி.

நம்ம பக்கம் கேக்க வேண்டிய முதல் கேள்வி: அம்மா-அப்பா சொந்தமா? மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் கல்யாணம்னா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது இருக்கிற வாய்ப்பு கூடும். ரெண்டு பேரும் தாங்கிகளா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலுல ஒண்ணு. "முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்த மூணும் தப்பிக்கும்"னு புரிஞ்சுக்கிறவங்க உண்டு. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணுன்னு உக்கார வெச்சு சொல்லணும்.

ஒரு நகல் மட்டும் பழுதானதையும் "தாங்கிதான்"னு தள்ளிடக் கூடாது. 2022ல வந்த வேலைப்படி, ஓட்டுலின் பாதியா குறைஞ்ச சிலருக்கு ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி தோலையும் நுரையீரலையும் அழுக வைக்கிற அளவுக்குப் போகுது. கிருமியோட ஆல்ஃபா டாக்சினுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் தாங்க மாட்டேங்குது, கேவியோலின்-1ங்கிற புரதம் அங்க சேர்ந்துடுது. ஓட்டுலின் ஜீன் 5பி15ல இருக்கு. 5ஆவது குரோமோசோமோட குட்டைக் கை உதிர்ந்து, பூனைக்குட்டி மாதிரி அழுகிற குழந்தைங்கள்ல சிலருக்கும் இதே சிக்கல் வர்றதுக்கு அதுதான் காரணம். ஆனா ஒரு நகல் போன எல்லாருக்கும் வர்றதில்ல, வீட்டைப் பயமுறுத்த வேண்டாம்.

இன்ஃபிளிக்ஸிமாப் தொடங்கறதுக்கு முன்னாடி டிபி. டிஎன்எஃப் இல்லாம கிரானுலோமா நிக்காது, தூங்குற டிபி எழுந்துக்கும். கைக்குழந்தைன்னா பிறந்ததும் போட்ட பிசிஜியே உயிருள்ள கிருமி. அதனால மான்டூ தோல் சோதனை மட்டும் பாத்து முடிவு பண்ணாம இக்ரா ரத்தச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, வீட்ல இருமுறவங்க யாருன்னு விசாரணை. ஒண்டுக்குடித்தன வீடுன்னா பக்கத்துப் போர்ஷனையும் சேர்த்துக் கேக்கணும்.

நோய் தருமா தராதான்னு தெரியாத ஜீன் மாற்றம்னா வெஸ்டர்ன் தான் நடுவர். ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்த்து ஓட்டுலின், ஹோய்ப், ஷார்பின், எம்1 பாக்கணும். ரத்தத்துலேர்ந்து பாக்கறதா இருந்தா செல்லைப் பிரிச்ச கையோட, என்இஎம் போட்ட பஃபர்ல உடைச்சு உறைய வெச்சு அனுப்புங்க. உடைக்காம ஆட்டோவுல அனுப்பின செல் போய்ச் சேரும்போது தானே பாதி செத்திருக்கும்.

---

கொருக்குப்பேட்டை_ஜெல்:

அக்கா, சார், எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி மிச்சம். எம்1 ஆன்டிபாடி காட்டுறது உண்மையிலேயே எம்1தான்னு எப்படி நிரூபிக்கிறது? ஓட்டுலினைத் திரும்ப உள்ளே விட்டு ரெஸ்க்யூ பண்ண ஒயில்டு டைப்பும், சிஸ்டீன் 129 அலனினா மாறின வடிவமும் போதுமா? ஃபிளாக்-டிஎன்எஃப் இழுத்ததுல ஒயில்டு டைப் செல்லுலயே ஓட்டுலின் வரலன்னா அதுவும் பஃபர் பிரச்சினையா?

---

வண்ணை_வெஸ்டர்ன்:

ரெண்டுன்னு சொல்லிட்டு மூணு கேட்டிருக்கீங்க தம்பி, பரவால்ல.

நிரூபிக்க: பீட்ல (ஆன்டிபாடி ஒட்டின மணிகள்) பிடிச்ச சாம்பிளைப் பாதி பாதியா பிரிங்க. ஒரு பாதியில சுத்திகரிச்ச ஓட்டுலின் 1 மைக்ரோமோலார், 37 டிகிரி, 30 நிமிஷம். எம்1 ஸ்மியர் காணாம போகணும். மறு பாதி வெறும் பஃபர். இங்க எல்லாரும் விழுற குழி: லைசிஸ்ல போட்ட என்இஎம் பீட்ல ஒட்டிக்கிட்டு வந்தா, நீங்க போடுற ஓட்டுலினோட சிஸ்டீனையும் அதே அடைச்சிடும். "ஸ்மியர் போகல, அப்போ எம்1 இல்ல"ன்னு தப்பா எழுதுவீங்க. பீடை நாலு தடவை கழுவி, கடைசிக் கழுவல்ல டிடிடி 5 மில்லிமோலார். லைசிஸ்ல வேண்டாம்னு சொன்ன அதே டிடிடி, இங்க வேணும். எஸ்டிஎஸ் சாம்பிள்ல இந்த வேலை ஆகாது, ஓட்டுலின் செத்துடும். மொத்த யுபிக்விட்டின் ஸ்மியர் பாதி மிச்சம் இருந்தா பதறாதீங்க. எம்1 பெரும்பாலும் கே63 மேல ஏறி நிக்குது. மேல இருக்கிறது போகும், அடியில இருக்கிறது நிக்கும்.

ரெஸ்க்யூ: சி129ஏவை (சிஸ்டீன் 129 அலனினா மாறின வடிவம்) ஓவரா ஏத்தினா அது வெட்டாது, ஆனா எம்1 சங்கிலியை இறுக்கிப் பிடிச்சுக்கும், வேற வெட்டி கிட்ட வர முடியாது. சங்கிலி மலையா குவியும், அது என்சைம் இல்லாததோட விளைவு மாதிரி தெரியும், ஆனா வெறும் பிடியோட விளைவு. டாக்சிசைக்ளின்ல ஏறுற வெக்டர் போட்டு, அளவைத் தேடி, ஒயில்டு டைப்ல இயல்பா இருக்கிற பேண்டுக்குச் சமமா நிறுத்துங்க. ஹோய்ப்போட பப் பகுதியில ஒட்டாத வடிவம் மூணாவதா இருந்தா நல்லது. 56ஆவது டைரோசின்ல பாஸ்பேட் ஏறினா ஓட்டுலின் ஹோய்ப்பை விட்டுடும், அந்த இடத்துலதான் கை வைக்கணும்.

ஃபிளாக்-டிஎன்எஃப்ல ஓட்டுலின் வராதது பஃபர் கோளாறு இல்ல. ஹோய்ப்போட பப்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உக்காரலாம். ரிசெப்டருக்கு வர்ற லூபாக்ல அங்க உக்காந்திருக்கிறது ஸ்பாட்டா2ங்கிற புரதம் பிடிச்சுக்கிட்டு வர்ற சைல்டு. ஓட்டுலின் வெளியே சைட்டோசால்ல இருக்கிற லூபாக்கோட இருக்கும். அதைப் பாக்கணும்னா டிஎன்எஃப்பை விட்டுட்டு ஹோய்ப் ஆன்டிபாடியில இழுங்க. டிஎன்எஃப் ஸ்டாக்கை 0.1 சதவீத பிஎஸ்ஏவுல, ஒரு தடவைக்கு வேண்டிய அளவா பிரிச்சு உறைய வைங்க. மத்தியானம் கரண்ட் போய் ஃப்ரீஸர் இளகி திரும்ப உறைஞ்சிருந்தா அந்த பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க, 20 நானோகிராம்னு எழுதி 5 போட்ட கதை ஆகிடும்.